பறவையை அணுகும் நெறி

வேட்டைக்காரனும் நிழற்படம் எடுப்போனும் ஒரே பறவையை நாடிச் செல்கின்றனர். ஒருவன் கையில் துப்பாக்கி உள்ளது. மற்றவன் கையில் படக்கருவி உள்ளது. நோக்கத்தால் இருவரும் வேறுபட்டவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நீரில் மிதக்கும் வாத்துக்கு அவ்வேறுபாடு எங்ஙனம் விளங்கும்? தன்னை நோக்கி விரைந்து வரும் உருவம் எதுவாயினும் அதற்குப் பகையே. இவ்வுண்மையை உணர்ந்தவரே காட்டு வாத்துகளைப் படமெடுக்கத் தகுதி உடையவர்.

புதுச்சேரி நகருக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் ஊசுட்டேரி பரந்து கிடக்கிறது. அதன் ஒரு பகுதி புதுச்சேரி ஆட்சிப் பரப்பிலும் மற்றொரு பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கும். புதுச்சேரி அரசு 2008ஆம் ஆண்டில் தன் பகுதியைப் புகலிடமாக அறிவித்தது. பின்னர்த் தமிழ்நாடு அரசும் அவ்வாறே செய்தது. சீழ்க்கைச் சிறகியும் புள்ளிமூக்கு வாத்தும் இந்நாட்டிலேயே வாழ்பவை. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வட ஆசியாவின் கடுங்குளிருக்கு அஞ்சி, மலைகளையும் சமவெளிகளையும் கடந்து வரும் விருந்தினர். வேனில் முதிருமுன் அவை வந்த வழியே திரும்புகின்றன.

பகற்பொழுதில் ஏரியின் நடுவே அசைவின்றி மிதக்கும் வாத்துக் கூட்டத்தைக் காண்போர், அவை சோம்பிக் கிடப்பதாகக் கருதுவர். உண்மை வேறு. அவ்விருந்தினர் பெரிதும் இரவில் இரை தேடுபவர். பகலே அவர்க்கு ஓய்வுக்காலம். உண்ட உணவு உடலிற் கொழுப்பாகச் சேர்கிறது. நெடுவழி செல்வோன் கட்டும் கட்டுச்சோறு போன்றது அக்கொழுப்பு. பருத்த உடலைச் சிறகடித்து நீரினின்றும் எழுப்ப மிகுந்த ஆற்றல் வேண்டும். ஆதலின், படம் எடுப்பதற்காகக் கூட்டத்தை ஒருமுறை கலைப்பவர், அதன் கட்டுச்சோற்றில் ஒரு பிடியைப் பறித்தவர் ஆவர்.

‘ஒருவர் ஒருமுறை கலைப்பதால் என்ன கேடு?’ எனச் சிலர் வினவுவர். ஏரிக்கு வருவோர் ஒவ்வொருவரும் அவ்வாறே எண்ணினால், பறவைக்கு ஓய்வென்பதே இராது. மேலும், அங்ஙனம் பெற்ற படத்தில் இருப்பது யாது? திரும்பிய வாலும் அஞ்சிய கண்ணுமே. பறவையின் இயல்பான வாழ்க்கை அதில் இல்லை.

அப்படியாயின் அணுகுவது எவ்வாறு? வாத்தின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. அது தலையைத் திருப்பாமலே ஏறக்குறையத் தன்னைச் சுற்றிலும் காண வல்லது. அதனைப் பின்புறமாகச் சென்று ஏமாற்றுதல் அரிது. விடியுமுன்னரே கரைக்கு வந்து, மங்கிய நிற உடையுடன், புதர் மறைவில் தாழ அமர்ந்திருப்பவனே நற்படம் பெறுவான். வானத்தின் எதிரே அவன் உருவம் நிமிர்ந்து தோன்றலாகாது. மேயும் வாத்துகள் ஒருங்கே கழுத்தை உயர்த்துமாயின், அதுவே எச்சரிக்கை. அப்பால் ஓரடியும் வைத்தல் தகாது. அவன் அசையாதிருப்பின், சிறிது நேரத்தில் அவை தாமே இரை தேடிக் கரையருகே வருதலும் உண்டு.

இங்கிலாந்து நாட்டுக் கியர்ட்டன் உடன்பிறப்பாளர் இருவர், 1900ஆம் ஆண்டளவில், பாடம் செய்த எருது ஒன்றின் உட்குடைவில் ஒளிந்து நின்று பறவைகளைப் படமெடுத்தனர். மேயும் மாட்டுக்குப் பறவை அஞ்சுவதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இன்றோ தொலைவில் உள்ளதை அண்மையிற் காட்டும் வில்லைகள் எளிதிற் கிடைக்கின்றன. கருவி வளர்ந்த அளவுக்குப் பொறுமையும் வளர்தல் வேண்டாவோ?

பறவை அஞ்சி அகலும் தொலைவு என்றும் ஒரே அளவினது அன்று. மக்கள் நடந்துகொள்ளும் முறையே அதனைக் குறுக்கவும் நீட்டவும் செய்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் இதற்குச் சான்று. அங்குள்ள ஊரார் தம் ஏரிப் பறவைகளைச் சுடலாகாது எனத் தடுத்து, 1798ஆம் ஆண்டிலேயே அக்கால மாவட்ட ஆட்சித் தலைவரிடம் உரிமை ஆவணம் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயல்களுக்கு உரமாயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தீங்கு காணாத அப்பறவைகள், மக்கள் நடமாடும் கரையினின்று காணும் அளவிலேயே கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

பறவைப் படங்கள் மக்கள் உள்ளத்தில் உயிர்களிடத்து அன்பை வளர்க்கின்றன என்பது மெய்யே. அதனாலேயே அவற்றை எடுப்போரின் பொறுப்பு மிகுகின்றது. அன்பை வளர்க்கும் படம் அன்பில்லாச் செயலாற் பிறத்தல் முறையன்று. படம் எடுத்தவர் எழுந்து சென்ற பின்னரும் வாத்துகள் அதே இடத்தில் அமைதியாக மேய்ந்துகொண்டிருக்குமாயின், அப்படமே சிறந்த படம். அவரே சிறந்த கலைஞர்.