முப்பது கிலோவும் ஒரு கேள்வியும்

வெளிநாட்டில் இருக்கும் சிநேகிதர் வீட்டுக்குத் தம்பதி சமேதராகப் போகிறவர்களுக்கு முதல் நாள் ரொம்ப நீளம். சிங்கப்பூர் என்றால் போய் இறங்கியதுமே கடிகாரத்தில் இரண்டரை மணி நேரத்தைக் கத்தரித்து விடுகிறார்கள். அப்படியும் நீளம் குறைவதில்லை!

திருச்சியில் ராத்திரி விமானம் ஏறி, சாங்கியில் காலையில் இறங்கியபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "நம்மளோட ரெண்டரை மணி நேரம் போச்சே, அதை டிக்கெட்டுல கழிச்சாங்களா?"

எங்கள் இருவர் பெட்டியிலும் சேர்த்து மார்க்கையன்கோட்டையே கொஞ்சம் இருந்தது. சிநேகிதனின் அம்மா கொடுத்தனுப்பிய கைமுறுக்கு, அதிரசம், ஊறுகாய். எடை போட்டுப் பார்த்து, என் சட்டைகள் இரண்டை வெளியே எடுத்துவிட்டு முறுக்குக்கு இடம் கொடுத்தோம். அது போக, எடை போட முடியாத சரக்கு ஒன்றையும் அந்த அம்மா கொடுத்திருந்தார்.

"தம்பி, வயக்காட்டுக்கு நல்ல விலை கேக்குறாக. குடுக்கவா, வச்சுக்கவா? போன்ல கேட்டா 'அப்புறம் பேசுறேம்மா'ங்கிறான். நீ மூஞ்சியப் பாத்துக் கேட்டுட்டு வாய்யா."

இதுதான் சார் வம்பு. முறுக்கை வாசலிலேயே கொடுத்துவிடலாம். கேள்வியை எப்போது கொடுப்பது?

விமான நிலையத்திலேயே கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சிநேகிதன், "வா மாப்ள, அருவி பாத்துட்டுப் போவோம்" என்று இழுத்துப் போய்விட்டான். 2019-ல் திறந்த 'ஜுவல்' என்ற கண்ணாடிக் கட்டடம். உள்ளே கூரையிலிருந்து 40 மீட்டர் உயரத்துக்குக் கொட்டுகிறது தண்ணீர். கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகத்திலேயே உயரமானது இதுதானாம். சுற்றி நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி அண்ணாந்து பார்த்துவிட்டு, "சுருளி மாதிரிதான் இருக்கு. ஆனா குளிக்க விட மாட்டேங்கிறாங்களே, அப்புறம் எதுக்கு அருவி?" என்றாள். பதில் சொல்ல அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

அடுத்து வீடு. ஒன்பதாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பில் துணி காய்கிறது. சிங்கப்பூர்வாசிகளில் பெரும்பாலோர் இந்த மாதிரி அரசாங்க வீடமைப்புக் கழக அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். "சொந்த வீடா அண்ணே?" என்று என் மனைவி கேட்க, சிநேகிதன் சிரித்தான்.

"சொந்தந்தான்மா. ஆனா 99 வருஷக் குத்தகை. நான் வாங்குறப்பவே பழைய வீடு. இப்ப அறுபது சொச்சம்தான் பாக்கி."

இதுதான் சமயம் என்று மறுபடி வாயைத் திறந்தேன். அவன் மனைவி அதில் இட்லியை வைத்து அடைத்துவிட்டார். "சாப்பிடுங்கண்ணே, அப்புறம் பேசலாம்." அந்த வீட்டில் எல்லாருக்குமே 'அப்புறம்' ரொம்பப் பிடித்த வார்த்தை போலிருக்கிறது!

சாயங்காலம் ரயிலில் லிட்டில் இந்தியா. ஸ்டேஷன் பலகையில் தமிழைப் பார்த்ததும் ஒரு தெம்பு. தமிழ் இங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் ரயிலுக்குள் அபராதப் பலகையையும் பார்த்தோம்: சாப்பிட்டால், குடித்தால் 500 டாலர். எதையும் அறுபதால் பெருக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டுவிட்ட என் மனைவி, கைப்பையில் இருந்த முறுக்கை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளினாள். "ஒரு முறுக்கு முப்பதாயிரமா!"

தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே கூட்டம். காலியாக இருந்த மேஜையில் ஒரு டிஷ்யூ பேப்பர் பாக்கெட் மட்டும் உட்கார்ந்திருந்தது. "அது ஆள் இருக்குன்னு அர்த்தம்" என்றான் சிநேகிதன். இதற்காகவா விமானம் ஏறினோம்? சின்னமனூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பவர்கள் நாம். அவர்கள் துண்டைச் சின்னதாக மடித்துப் பாக்கெட் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அது கட்டாயம். என்னைக் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தட்டு எடுக்க வைத்த அரசாங்கம் என்று சிங்கப்பூருக்கு என் மனைவி வாயால் பாராட்டு கிடைத்தது.

ராத்திரி வீடு திரும்பியதும், குடிக்கத் தண்ணீர் காய்ச்சவா என்று அவள் கேட்டாள். "குழாயிலேயே பிடிச்சுக் குடிங்கக்கா" என்றார் சிநேகிதன் மனைவி. அங்கேதான் பேச்சு திரும்பியது.

சிங்கப்பூருக்குத் தண்ணீரில் ஒரு பங்கு பக்கத்து நாட்டு ஜொகூரிலிருந்து வருகிறது. 1962 ஒப்பந்தப்படி ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கேலனுக்கு மலேசியக் காசு 3 சென். 2061-ல் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டுமென்று மழைத் தண்ணீரைத் தேக்குகிறார்கள், கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிறார்கள், 2003-லிருந்து சாக்கடைத் தண்ணீரையும் சுத்திகரித்து...

என் மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"பயப்படாதம்மா, மினரல் வாட்டரை விட சுத்தம்" என்றான் சிநேகிதன். அப்புறம் என்னிடம் திரும்பி, "நம்ம கதையும் இதேதான மாப்ள?" என்றான்.

வாஸ்தவம். நம் கம்பம் பள்ளத்தாக்கும் மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீரில்தான் விளைகிறது. 1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட குத்தகை, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கருக்கு. 1970-ல் அது 30 ரூபாய் ஆனது. பென்னிகுயிக் 1895-ல் அணையை முடித்தார். அதனால்தான் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் காண்கிறது. சிங்கப்பூர் வாங்கியது 99 வருஷம். நமக்கு 999 வருஷம். கையெழுத்துப் போடும்போது ஒரு ஒன்பதைக் கூடப் போட்டு வாங்கிய புண்ணியவான் யாரோ!

சிநேகிதன் சிரிக்கவில்லை. "வீட்டுக்கும் 99, தண்ணிக்கும் 99. நம்ம வயலுக்கு மட்டும்தான் கெடுவே கிடையாது, இல்ல?" என்றான்.

நான் கேள்வியைக் கொடுத்தேன். அம்மா சொன்னபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். மூஞ்சியையும் பார்த்தேன்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் போனை எடுத்தான். சிங்கப்பூரில் ராத்திரி பத்தரை, மார்க்கையன்கோட்டையில் எட்டு.

"அம்மா... ஆத்துல தண்ணி வந்துருச்சா?"

"ஜூன் ஒண்ணாந்தேதியே தெறந்து விட்டாகளேப்பா. நாத்தங்கால் போட்டாச்சு. விக்கிறதுன்னா இப்பவே சொல்லிரு. நட்டப்புறம் பேச்சு மாறக் கூடாது. உரம் வேற வாங்கணும்."

"உரம் வாங்கிரும்மா."

அவ்வளவுதான். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. அப்புறம், "முறுக்கு நமுத்துப் போகாம வந்துச்சா?" என்று கேட்டார்.

ஆகவே, வெளிநாடு போகும் தம்பதிகளே! யாராவது கொடுத்தனுப்பிய சேதி இருந்தால் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். நாளை தள்ளினால் கடைசி நாள் வந்துவிடும். அன்றைக்கு எல்லாரும் பெட்டியைத் தராசில் தூக்கி வைத்துக் கிலோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். யார் முகத்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

படுக்கப் போகும்போது என் மனைவி ஒன்றுதான் சொன்னாள்: "உரம் வாங்கச் சொன்னாரே, மூட்டையை நம்ம பெட்டியில குடுத்து விட மாட்டாருல்ல?"