மொட்டை மாடியில் கொப்புளம்

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்குக் கூரை என்றால் தகரம்தான். ஒழுகினால் ஆணி ஓட்டையைத் தேடிப் பிடித்துத் தார் வைத்து அடைப்போம். சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் பக்கம் தாமான் வீடு வாங்கி, பின்புறம் சமையலறையை நீட்டிக் கட்டியவர்களுக்கோ தலைக்கு மேல் தட்டையான சிமெண்டுத் தளம். மழை இறங்காதிருக்க அதன்மேல் தார்ச் சீட்டு ஒட்டுகிறார்கள்.

சில மாதங்களில் சீட்டு அங்கங்கே உப்பும். குத்தகையாளரைக் கேட்டால், "பார்வைக்குத்தான் அப்படி, சார். ஒன்றும் செய்யாது" என்பார்.

பாதி உண்மை. புகைவீட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ரப்பர் சீட்டைக் கண்ணால் பார்த்தே தரம் பிரிப்பார்கள். கொப்புளம் கண்டால் தரம் இறங்கும். கூரைச் சீட்டுக்கு அந்தக் கண் கணக்கு மட்டும் போதாது. காயாத சிமெண்டின் மேல் சீட்டை ஒட்டினால், அடியில் அகப்பட்ட ஈரம் வெயிலில் ஆவியாகி மேலே தள்ளும். அதுதான் கொப்புளம். அது சிறிதாக, கிழியாமல், இரண்டு சீட்டுகள் சேரும் இணைப்புக்குத் தள்ளி இருந்தால் தொடாதீர்கள். நான் தொட்டேன். உள்ளங்கையளவு கொப்புளத்தைக் காய்கறிக் கத்தியால் குத்திக் காற்றை இறக்கினேன். அடுத்த மழைக்கு அரிசிப் பானைக்கு நேர் மேலே சொட்டியது. வீட்டில் அதை இன்னும் மறக்கவில்லை.

இணைப்பின் மேலேயே கொப்புளம் எழுந்தாலும், வாரத்துக்கு வாரம் பெரிதானாலும், சுருக்கம் இணைப்பு வரை ஓடினாலும் அது அழகுக் குறை அல்ல. அறுத்து, நன்றாக உலரவிட்டு, அகலமாக ஒட்டுப் போடச் சொல்லுங்கள். ரப்பர் மரம் இலை கொட்டும் வறண்ட மாதங்களே இதற்கு ஏற்றவை. மழை மாதத்தில் ஒட்டினால் பழைய கதைதான்.

வெயிலில் தார் இறுகி முதலைத் தோல் போல் வெடிப்பதும் உண்டு. மெல்லிய வெடிப்பானால் மேல்பூச்சு போதும். உள்ளே இருக்கும் துணி தெரிந்தால் சீட்டையே மாற்ற வேண்டும். சுவரில் தேநீர் நிறத்தில் வடியும் கறை, வெயிலில் சிதைந்த தார் மழையில் கழுவப்படுவது. பார்க்க அசிங்கம், அவ்வளவே.

மழை நின்று 48 மணி நேரம் கழித்தும் தண்ணீர் தேங்கி நின்றால் அது குறையேதான். ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் குடியிருப்பவரைத்தான் பிடிப்பார்கள். கூரை போட்டவரை அல்ல.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன் ஒரு நல்ல மழை பெய்யட்டும். இரண்டு நாள் கழித்து ஏணி வைத்து நீங்களே ஏறிப் பாருங்கள். ஏணியை வேறொருவர் பிடித்துக்கொள்ளட்டும்.