ஜானுக்கும் மேரிக்கும் ஒரே கதையா?

மாணவிகளின் மனநலம் என்று பேச்செடுத்தாலே நம் கல்வி நிறுவனங்களுக்கு ஒரே ஒரு மருந்துதான் தெரிகிறது: விழிப்புணர்வு. அக்டோபர் 10 வந்தால் ஒரு கருத்தரங்கம், ஒரு வினாத்தாள், வாசலில் ஒரு பதாகை. 'மாணவர்களிடம் மனநலம் பற்றிய அறிவு போதவில்லை' என்று ஆய்வு முடியும். 'மேலும் பயிற்சி தேவை' என்று பரிந்துரை எழுதப்படும். அடுத்த ஆண்டும் இதே கதைதான். இந்தச் சடங்கை நான் எதிர்க்கிறேன். அறிவு யாருக்கும் கெடுதல் செய்யாது. ஆனால் இந்தச் சடங்கு குறை முழுவதையும் மாணவியின் தலைக்குள் தேடுகிறது. அவள் படிக்கும் இடத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டுவிடுகிறது.

'மனநல எழுத்தறிவு' என்ற கருத்தை 1997இல் முன்வைத்தவர் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆந்தனி ஜோர்ம். அவருடைய குழு மக்களிடம் ஒரு சிறு கதையைக் கொடுத்தது. சில வாரங்களாகத் துயரத்தில் இருக்கும், தூக்கமும் பசியும் கெட்டுப்போன 30 வயதுக்காரர் ஒருவர். அவருக்கு என்ன பிரச்சினை? மனச்சோர்வு என்று சரியாகச் சொன்னவர்கள் 39 சதவீதம். கதையில் வருபவரின் பெயர் ஜான், அல்லது மேரி. பெயர்தான் மாறும், கதை மாறாது. மேரியின் விடுதிக் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், வீட்டில் அவளுக்கு எப்போது மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள், வகுப்பில் அவள் சாதியை யார் விசாரித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. அறிகுறி தெரிகிறதா என்று சோதிக்க அந்தக் கதை போதும். நம் பெண்கள் ஏன் உறங்கவில்லை என்று தெரிந்துகொள்ள அது போதாது.

'நேர்மறை மனநலம்' என்பதும் இப்படித்தான் சுருங்கிப்போனது. அமெரிக்கச் சமூகவியலாளர் கோரி கீஸ் வகுத்த 14 கேள்விகள் கொண்ட அளவுகோலை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். அதில் மகிழ்ச்சியைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. நீ ஒரு சமூகத்தைச் சேர்ந்தவள் என்று உணர்கிறாயா, இந்தச் சமூகம் எல்லோருக்கும் நல்ல இடமாக மாறிவருகிறதா என்றும் கேட்கிறார்கள். ஒரு தலித் மாணவி இதற்கு 'இல்லை' என்றால் அவளுக்கு மதிப்பெண் குறையும். அவள் சொன்னது உண்மையாக இருந்தால் யாரைத் திருத்த வேண்டும்? நம் வளாகங்களோ இந்தச் சமூகக் கேள்விகளைக் கழற்றிவிட்டு, 'பாசிட்டிவாக இரு' என்ற பாதியை மட்டும் பெண்களிடம் நீட்டுகின்றன. சிரித்துக்கொண்டே பொறுத்துப்போ என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லிவந்ததற்கு இது புதுப் பெயர்.

அறிவுதான் குறை என்றால், மருத்துவம் படிப்பவர்கள் நாட்டிலேயே நலமான மனத்தோடு இருக்க வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு மருத்துவக் கல்வி என்றதும் கோரிமேடுதான் நினைவுக்கு வரும். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசாக அங்கே ஜிப்மர் நிற்கிறது. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறிவரும் நோயாளிகளை அங்கே பார்ப்பவர்களில் பயிற்சி மருத்துவர்களும் செவிலிய மாணவிகளும் உண்டு. எந்த ஊரில் மருத்துவம் படித்தாலும் மனச்சோர்வின் அறிகுறிகள் அவர்களுக்குப் பாடத்திலேயே வந்துவிடும். ஆனாலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், முதுநிலை மாணவர்களில் 100க்கு ஏறத்தாழ 31 பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். 2024இல் வந்த அந்த அறிக்கை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள், ஒரு நாள் விடுப்பு கொடுங்கள் என்றது. 74 மணி நேரம் என்பதையே சலுகையாகக் கேட்க வேண்டிய நிலையில் இருப்பவளுக்கு எந்த எழுத்தறிவு தூக்கம் தரும்?

மும்பையில் 2019 மே 22 அன்று இறந்த பாயல் தத்வி மகப்பேறு மருத்துவம் படித்த ஆதிவாசிப் பெண். மூத்த மாணவிகள் மூவர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்பது அவர் குடும்பத்தின் குற்றச்சாட்டு. அவர்கள் மூவரும் பெண்கள் என்பதைப் பெண்ணியவாதிகள் நாம் கடந்துபோகக் கூடாது. பாயலின் தாய் ஆபிதாவும் ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகாவும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிள்ளைகளுக்கு மனநலப் பாடம் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. வளாகத்தில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் விதிகளை நடைமுறைப்படுத்துங்கள் என்றார்கள்.

விடுதிக் கதவும் மனநலப் பிரச்சினைதான். 2022இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள், இரவு 9.30 மணிக்குக் கதவைப் பூட்டும் விதியை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். 25 வயதில்தான் முழு முதிர்ச்சி வரும் என்று சுகாதாரப் பல்கலைக்கழகம் அங்கே வாதாடியது. பிரசவம் பார்க்கத் தகுதியான வயதில் இருப்பவளுக்கு நூலகம் போய்வர முதிர்ச்சி இல்லையாம்! தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு நல்ல மனநலத்தின் அடிப்படை. அதைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, யோகா வகுப்பு நடத்துகிறார்கள்.

'உதவி இருக்கிறது, இவர்கள்தான் வருவதில்லை' என்பார்கள். வருவதற்கு அவளுக்குப் பயம், அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சினிமா சிரிக்கவைத்த ஊர் இது. மாத்திரைச் சீட்டு வீட்டாருக்குத் தெரிந்தால் படிப்பு நிற்கலாம். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் வரன் தட்டிப்போகும். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மனநோயை விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. அவள் மறைப்பது அறியாமையால் அல்ல. கணக்குப் போட்டுத்தான் மறைக்கிறாள்.

ஆகவே, நமக்கும் ஓர் எழுத்தறிவு வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை ஒவ்வொரு மாணவியும் படிக்கட்டும். அதன் 18ஆம் பிரிவு சிகிச்சையை உரிமையாக்குகிறது. 23ஆம் பிரிவு உன் சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 115ஆம் பிரிவு. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. உன் கல்லூரியில் அவர் யார், எந்த அறையில் இருக்கிறார், நீ சொல்வது முதல்வர் காதுக்குப் போகுமா என்று கேள். இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழை. அது இலவசம், தமிழிலும் பேசலாம். அழைப்பது தோல்வி ஆகாது.

2022ஆம் ஆண்டின் குற்ற ஆவணக் கணக்குப்படி லட்சம் பேருக்கு 12.4 தற்கொலைகள் என்பது இந்தியச் சராசரி. புதுச்சேரியில் அது 29.7. இந்த ஊரில் அடுத்த அக்டோபரில் யாராவது வினாத்தாள் நீட்டினால் வாங்கி நிரப்புங்கள். கூடவே உங்கள் வினாத்தாளையும் நீட்டுங்கள்: வேலை எத்தனை மணி நேரம்? கதவு எப்போது பூட்டப்படும்? உட்புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? சாதிப் புகாரை யாரிடம் கொடுப்பது? மதிப்பெண் போட வேண்டிய முறை இப்போது நம்முடையது.