பாதியில் புரிந்துவிடும் காதுகள்

துணிகர முதலீட்டாளரிடம் அரை மணி நேரம் வாங்குவதே குதிரைக்கொம்பு. கிடைத்தாலும், நாலாவது ஸ்லைடு வருவதற்குள் “புரிந்துவிட்டது, மேலே போங்கள்” என்பார். அவருக்குப் புரிந்தது பெரும்பாலும் முன்பு பார்த்த வேறொரு கம்பெனிதான்.

2008-இல், வீட்டு இடத்தைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட வழிசெய்யும் ஏர்பிஎன்பியின் நிறுவனர்கள் 1.5 லட்சம் டாலர் கேட்டு ஏழு முதலீட்டாளர்களை அணுகினார்கள். ஐந்து பேர் மறுத்தார்கள். இரண்டு பேர் பதிலே போடவில்லை. சந்தை போதாது, பயணத் துறை ஒத்துவராது என்பவை சொல்லப்பட்ட காரணங்களில் சில. பின்னர் யூனியன் ஸ்கொயர் வெஞ்சர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனமும் வாய்ப்பைத் தவறவிட்டது. வரவேற்பறைத் தரையில் காற்று மெத்தை என்பதைத் தாண்டி யோசிக்க முடியவில்லை என்று அதன் ஃபிரெட் வில்சன் 2011-இல் வெளிப்படையாக எழுதினார்.

புதுக் கம்பெனிகளுக்குத் தொடக்க முதலீடு தரும் ஒய் காம்பினேட்டரின் பால் கிரஹாமுக்கும் அந்த யோசனை பிடிக்கவில்லை. ஆனால் காசில்லாத நாட்களில், நிறுவனர்கள் அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் ஒபாமா, மெக்கெய்ன் பெயர்களில் காலை உணவு சீரியல் பெட்டிகள் தயாரித்து, ஒன்று 40 டாலருக்கு விற்றுக் கடனைச் சமாளித்த கதையை அவர் கேட்டார். பெட்டிக்கே 40 டாலர் வாங்கத் தெரிந்தவர்கள் எதையும் விற்பார்கள் என்று பட்டது, அவர்களைச் சேர்த்துக்கொண்டார். தீர்மானித்தது ஸ்லைடில் இல்லாத விஷயம்.

கேட்காமல் மறுப்பது ஒரு பிழை என்றால், கேட்காமல் தலையாட்டுவது இன்னொன்று. ஜப்பானின் சாஃப்ட்பேங்க் முதலீட்டு நிறுவனத்தின் மசயோஷி சோன் 2000-இல், சிறு சந்திப்புக்குப் பின் சீன இணைய வணிக நிறுவனமான அலிபாபாவில் 2 கோடி டாலர் போட்டார், அது அள்ளிக்கொடுத்தது. அந்த வேகமே பழக்கமானது. பகிர்வு அலுவலக இடங்களை வாடகைக்கு விடும் வீவொர்க்கின் அலுவலகத்தை அவர் சுற்றிப் பார்த்தது சுமார் 12 நிமிடம் என்பார்கள். 2017-இல் போட்டது 440 கோடி டாலர். 2023 நவம்பரில் வீவொர்க் திவால் பாதுகாப்பு கோரியது.

காது கொடுத்துக் கேட்பதை நாம் பண்பு என்று நினைக்கிறோம். முதலீட்டுத் தொழிலில் அது கணக்கு வேலையின் ஒரு பகுதி. “கடைசியாக உங்களை விட்டுப்போன வாடிக்கையாளர் ஏன் போனார்?” என்று கேட்டுவிட்டு, நிறுவனர் தடுமாறும்போது எடுத்துக்கொடுக்காமல் இருக்க வேண்டும். அடுத்து அந்த வாடிக்கையாளரிடமே கேட்க வேண்டும். இரண்டு பதிலும் எங்கே முரண்படுகிறதோ, முதலீட்டாளர் அங்கிருந்துதான் கேள்விகளைத் தொடங்க வேண்டும். எக்செல் தாளில் வளர்ச்சி விகிதத்தை யாரும் எழுதிக்கொள்ளலாம். இந்த முரணை எழுதிக் கொண்டுவரும் நிறுவனரை நான் பார்த்ததில்லை.