ஆட்டம் எதனால் வருகிறது?

"ஒரு லட்சத்துக்குள்ள முடிக்கணும்ணே. போட்டோவும் நல்லா வரணும், வீடியோவும் ஆடக் கூடாது." மங்கலம்பேட்டையில் காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் என்று படம் எடுத்துப் பிழைக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. கையில் இருப்பது கேனான் 1500டி. ஆடி, மார்கழியில் முகூர்த்தம் ஓய்ந்துவிட்டால், விருத்தாசலத்து செராமிக் பொம்மைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப் படம் எடுத்துக் கொடுப்பார். இரண்டு வேலைக்கும் ஒரே கேமரா வேண்டும் என்கிறார். நியாயமான ஆசைதான்.

டி.எஸ்.எல்.ஆர். கேமரா வீடியோ எடுக்க ஆரம்பித்து ரொம்ப நாள் ஆகவில்லை. 2008-ல் வந்த நிக்கான் டி90 தான் வீடியோ எடுத்த முதல் டி.எஸ்.எல்.ஆர். நாலே வருஷத்தில் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' கேனான் 7டியில் எடுக்கப்பட்டுத் தியேட்டருக்கு வந்துவிட்டது; ஒளிப்பதிவு விஜய் மில்டன். அந்த 7டியின் பாடிக்குள் ஆட்டத்தைத் தாங்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. தாங்கியதெல்லாம் ஸ்டாண்டும் ஆள் பலமும்தான்.

கடையில் போய் "ஸ்டெபிலைசேஷன் இருக்கா?" என்று கேட்டால் எந்த டப்பாவைக் காட்டியும் "இருக்கு சார்" என்பார்கள். பொய்யில்லை. ஆனால் மூன்று விதமான சரக்கு அந்த ஒரே பெயரில் விற்கிறது. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடித் தொகுதி நகர்ந்து ஆட்டத்தை ஈடுகட்டுவது ஒன்று. 1500டியோடு வரும் 18-55 கிட் லென்ஸிலேயே அது இருக்கிறது. பாடிக்குள் சென்சாரே நகர்ந்து கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது மென்பொருள் வேலை: படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டு, மிச்சத்தை அப்படி இப்படி நகர்த்தி ஆடாதது போலக் காட்டுவது. சோனி இசட்வி-இ10 பாடியில் இருப்பது இந்த மூன்றாவதுதான். ஓரம் வெட்டுப்படுவதால் லென்ஸின் பார்வை இன்னும் குறுகிப் போகும். எங்கள் பக்கத்துச் சின்ன மண்டபங்களில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலே மணமேடை முழுக்க அடங்காது. அதிலும் ஓரத்தை வெட்டினால் பொண்ணோட சித்தப்பா காணாமல் போவார். சண்டை போட்டோகிராபர் மேல்தான் வரும்.

சென்சார் நகரும் பாடியைத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டாவது வாங்கச் சொல்வேன். காரணம் மண்டபத்து இருட்டு. அங்கே கைகொடுப்பது 35, 50 மில்லிமீட்டர் போன்ற, எஃப் 1.8, எஃப் 2 வரை திறக்கும் லென்ஸ்கள். இந்த வகையில் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பவை பலவற்றில் ஸ்டெபிலைசேஷன் இருக்காது. பாடியில் இருந்தால் எந்த லென்ஸை மாட்டினாலும் அது கிடைத்துவிடும்.

இதை நம்பி ஷட்டரை ரொம்பவும் இறக்கிவிடக் கூடாது. உங்கள் கை ஆடுவதைத்தான் அது தாங்கும். மாப்பிள்ளை தலையைத் திருப்பினால் முகம் கலங்கத்தான் செய்யும். வீடியோவுக்கு ஷட்டரை 50-ல் ஒரு பங்கு அல்லது 100-ல் ஒரு பங்கு நொடியில் வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சீரியல் லைட், எல்.இ.டி. சிமிட்டல் பெரும்பாலும் அடங்கும்.

தம்பியின் பழைய வீடியோக்களையும் பார்த்தேன். ஆட்டம் இருந்தது உண்மைதான். அதைவிட மோசமாக இருந்தது ஃபோகஸ். தாலி கட்டும் நேரத்தில் முன்னும் பின்னும் போய்த் தேடிக்கொண்டே இருந்தது. 1500டியில் டூயல் பிக்சல் ஃபோகஸ் இல்லை. வீடியோவில் அது அப்படித்தான் தடுமாறும். ஆக, புது கேமராவில் ஸ்டெபிலைசேஷனுக்கு முன்னால் பார்க்க வேண்டியது முகத்தைப் பிடித்துக்கொண்டு போகும் ஃபோகஸை.

இந்த இரண்டையும் சல்லடையாக வைத்துச் சலித்தால் பட்டியல் சீக்கிரம் சுருங்கிவிடும். கேனான் ஆர்50, ஆர்10, சோனி ஏ6400, நிக்கான் இசட்50: ஃபோகஸில் எல்லாமே 1500டியைவிட எவ்வளவோ மேல், பாடியில் சென்சார் நகராது. பானாசோனிக் ஜி85-ல் சென்சார் நகரும், அருமையாகவே நகரும்; ஆனால் வீடியோவில் ஃபோகஸ் அலையும், சென்சாரும் சின்னது. ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-எஸ்10-ல் இரண்டும் உண்டு. 2020-ல் வந்தது, 26 மெகாபிக்சல். பேட்டரி சின்னது என்பதால் கல்யாணத்துக்கு நாலு பேட்டரியாவது வேண்டும். அதற்கு அடுத்து வந்த எக்ஸ்-எஸ்20-ல் பேட்டரி பெரிது, விலையும் பெரிது. தம்பிக்கு நான் சொன்னது செகண்ட் ஹேண்ட் எக்ஸ்-எஸ்10.

பொண்ணு மாப்பிள்ளை நடந்து வர, முன்னால் பின்னோக்கி நடந்தபடி எடுக்கும் காட்சிக்கு மட்டும் எந்தப் பாடியும் போதாது. நடக்கும்போது வரும் குலுக்கல் முழங்காலிலிருந்து வருவது. அதற்கு கிம்பல் வேண்டும். வருஷத்தில் சில நாள்தான் தேவை என்றால் வாடகைக்கே எடுக்கலாம்.

செராமிக் பொம்மைக்கோ இந்த ஸ்டெபிலைசேஷன் எதுவுமே வேண்டாம். பொம்மை அசையாது, ட்ரைபாடில் கேமராவும் அசையாது. அங்கே பிரச்சினை மெருகுதான். கொலு பொம்மையின் கன்னத்தில் ஜன்னலும் ட்யூப்லைட்டும் அப்படியே தெரியும். ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தை மெத்தென்று ஆக்குங்கள். லென்ஸ் முன்னால் ஒரு போலரைசர் மாட்டிச் சுற்றிப் பாருங்கள்; பீங்கான் மெருகில் சாய்வாக அடிக்கும் பளபளப்பை அது நன்றாகவே குறைக்கும். இந்த வேலைக்கு 1500டியே தாராளம். அதை விற்றால் வரும் காசும் பெரிசில்லை, வைத்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சென்சார் நகரும் பாடிகளை ஆஃப் செய்து ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ கழன்று கிடப்பது போல லொடலொடக்கலாம். பயப்பட வேண்டாம், அது இயல்பு. ஆன் செய்த பிறகும் லொடலொடத்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வெள்ளைச் சுவரை எஃப் 16-ல் ஒரு படம் எடுத்து சென்சாரில் புள்ளி இருக்கிறதா பாருங்கள், ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள், பழைய பில்லைக் கையில் வாங்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.