நாணம் உயிரைக் குடிப்பதா?

நெற்பயிர் மஞ்சளித்தால் கமக்காரர் அன்றே கமநல நிலையத்துக்கு விரைகின்றார். ஆனால், அதே வயலில் நாற்று நட்ட தாய், தன் உடலிற் கண்ட மாற்றத்தை மாதக்கணக்காக மறைத்துவைக்கின்றாள். வீட்டிலுள்ளோரும் வினவுவதில்லை. இந்த மௌனத்துக்கு விலை உயிர்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஓரிரவில் முற்றுவதன்று. பப்பிலோமா வைரசு உடலை விட்டு நீங்காது தங்குவதனால் உண்டாகும் மாற்றங்கள் புற்றாக முதிர்வதற்குப் பெரும்பாலும் பல்லாண்டுகள் செல்லும். இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ, தாம்பத்திய உறவின் பின்னரோ, மாதவிடாய் அறவே நின்ற பின்னரோ இரத்தங் காணுதல். துர்நாற்றமோ இரத்தக் கலப்போ உள்ள வெள்ளைபடுதல். அடிவயிற்றில் ஓயாத நோவு ஆகியன எச்சரிக்கைகளாம். இவை யாவும் புற்றுநோயே என அஞ்சவேண்டுவதில்லை. வேறு காரணங்களும் உண்டு. ஆயின், அதனைத் தீர்மானிக்கவேண்டியவர் வைத்தியரேயன்றி அயல்வீட்டாரல்லர்.

தொடக்கத்தில் இந்நோய் எந்த அறிகுறியுங் காட்டாதிருக்கலாம் என்பதே பேராபத்து. அதனாலேயே இலங்கையில் 1996ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் இயங்கிவருகின்றன. 35, 45 வயதுகளில் அங்கு செல்லும் பெண்களுக்குப் பரிசோதனை இலவசம். 2017 முதல் ஆறாந் தர மாணவியருக்குத் தடுப்பூசியும் ஏற்றப்படுகின்றது.

உரிமை கேட்டு மேடையில் முழங்கும் ஆடவரே! உங்கள் மனைவியும் தாயும் தம் நோயை வாய்திறந்து சொல்லும் உரிமையேனும் உங்கள் இல்லத்தில் பெற்றுள்ளனரா? இன்றே கேளுங்கள், நீங்களே அழைத்துச் செல்லுங்கள். நோயைச் சொல்வது நாணக்கேடன்று, சொல்லவிடாதிருப்பதே நாணக்கேடு.