அந்த ஒரு பக்கத்தில் நின்று யோசிப்போம்

வேலைப்பயிற்சியின் மூன்றாவது வாரம். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் நுழைந்ததுமே கணக்குப் பிரிவு அக்கா, “தம்பி, சிஸ்டம் திறக்கவே மாட்டேங்குது” என்றார். வார இறுதியில் சர்வரை மறுதொடக்கம் செய்திருந்தார்கள். அதன் பிறகு தரவுத்தளம் மட்டும் இயங்கவில்லை.

தேடிப் பார்த்ததில் தவறு என்னுடையது. எஸ்கியூஎல் சர்வரை நிறுவும்போது, இந்தச் சேவை எந்தக் கணக்கில் இயங்க வேண்டும் என்று ஒரு பக்கம் கேட்கும். மென்பொருள் தானாகப் பரிந்துரைத்த கணக்கால் காப்புநகல் கோப்புறையில் எழுத முடியவில்லை. ‘அனுமதி இல்லை’ என்று வந்தது. அதனால் நிர்வாகி உரிமை கொண்ட என் சொந்தக் கணக்கையே கொடுத்துவிட்டேன். எல்லாம் ஓடியது. வெள்ளிக்கிழமை என் மறைச்சொல்லை மாற்றினேன். மறுதொடக்கத்தின்போது சேவை பழைய மறைச்சொல்லையே நீட்டியது, கதவு திறக்கவில்லை.

“நீ பயிற்சி முடிந்து போனதும் உன் கணக்கை மூடிவிடுவோம். தரவுத்தளமும் உன்னோடு வந்துவிடுமா?” என்று மேற்பார்வையாளர் கேட்டபோது தலைகுனிந்து நின்றேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. ஒரு சேவை எந்தக் கணக்கில் இயங்குகிறதோ, அந்தக் கணக்கின் உரிமைகள் அனைத்தும் அதற்கு உண்டு. அந்தச் சேவையைக் கைப்பற்றுபவருக்கும் அதே உரிமைகள் கிடைக்கும். ஏர்கான் கழுவ வருபவரிடம் அலமாரிச் சாவியையும் சேர்த்தா கொடுப்போம்?

2018ஆம் ஆண்டு சிங்ஹெல்த் ஊடுருவலில் ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. ஊடுருவியவர்கள் பயன்படுத்திய கணக்குகளில் சேவைக் கணக்கு ஒன்றும் இருந்ததை விசாரணைக் குழுவின் அறிக்கை காட்டியது. யாரும் தினமும் உள்நுழையாத கணக்கு என்பதால், அதன்மீது யார் கண்ணும் படுவதில்லை.

மென்பொருளைச் செய்தவர்களுக்கு இது தெரியும். லினக்ஸில் போஸ்ட்கிரெஸ், ‘ரூட்’ கணக்கில் இயங்கவே மறுத்துவிடும். எஸ்கியூஎல் சர்வர், 2012 பதிப்பு முதல் ஒவ்வொரு சேவைக்கும் குறைந்த உரிமையுள்ள தனிக் கணக்கைத் தானே பரிந்துரைக்கிறது. அதற்கு நாம் மறைச்சொல் எதுவும் வைக்க வேண்டியதில்லை. நான் செய்திருக்க வேண்டியதெல்லாம், அந்தக் கணக்குக்குக் காப்புநகல் கோப்புறையில் மட்டும் எழுதும் அனுமதி கொடுப்பதுதான். இரண்டு நிமிட வேலை.

அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? வகுப்பில் எங்கள் திட்டப்பணி ‘ஓடினால்’ மதிப்பெண் கிடைக்கும். எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று யாரும் கேட்டதில்லை. மாணவர் திட்டப்பணிக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வகுப்பில் பழகிய கைதான் வேலையிடத்திலும் ‘அடுத்து’ என்ற பொத்தானை அழுத்துகிறது என்பதே என் பதில்.

விரிவுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். திட்டப்பணியை மதிப்பிடும்போது, “இது யாருடைய கணக்கில் இயங்குகிறது, அதற்கு என்னென்ன உரிமைகள் உண்டு?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவருக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள். அன்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால், அந்தத் திங்கட்கிழமை அக்காவின் வேலை நின்றிருக்காது.